விஜயந்தா டாங்க் சீரமைப்பு: கவசத் தகட்டில் கிராக், எந்த ராடு, எவ்வளவு ப்ரீஹீட்?

கடைமடை_இன்ஜினியர்

வணக்கம். நாகை மாவட்டத்தில் ஒரு பூங்காவில் மேடையேற்றி வைத்திருக்கும் விஜயந்தா டாங்கை (இந்திய ராணுவத்தின் பழைய டாங்க்) சீரமைக்க வேண்டும். கடல் 6 கி.மீ. தூரம். இன்ஜின் ஓட வேண்டியதில்லை. வெளித்தோற்றம் சரியாகி, இன்னும் இருபது வருஷம் நின்றால் போதும். பார்த்தவரை நிலைமை இது:

முன்பக்கச் சரிவுத் தகட்டில், பெயர்ப்பலகை மாட்டுவதற்காகப் பிற்காலத்தில் யாரோ ஒரு ஆங்கிள் வைத்து வெல்டு அடித்திருக்கிறார்கள். அந்த வெல்டின் ஓரமாக, வெல்டில் இல்லாமல் தகட்டிலேயே, 140 மி.மீ. நீளத்துக்கு மயிரிழைக் கிராக் ஓடுகிறது.

டிரைவர் இருக்கைக்குக் கீழே தண்ணீர் நின்று தரைத்தகடு குழிகுழியாக அரித்திருக்கிறது. அல்ட்ராசோனிக் கேஜில் நல்ல இடத்தில் 17 மி.மீ., குழியில் 11 மி.மீ.

மட்கார்டு, சாமான் பெட்டிகள் பல இடத்தில் ஓட்டை. வலது செயினில் ஒரு கண்ணியின் காது உடைந்திருக்கிறது.

உள்ளூர்ப் பட்டறையில் 6013 ராடு (சாதா இரும்புக்கான வெல்டிங் ராடு) போதும், இரண்டு நாள் வேலை என்கிறார்கள். ஓடாத டாங்குக்கு ப்ரீஹீட் (வெல்டுக்கு முன் தகட்டைச் சூடாக்குவது) எதற்கு என்றும் கேட்கிறார்கள். கிராக்குக்கு எந்த ராடு? தரைக்கு ஒட்டுத்தகடு போடலாமா?

ஆவடி_தகடு

சார், முதலில் அந்த 6013-ஐ நிறுத்துங்கள். நீங்கள் சொல்லும் கிராக்கே 6013 போட்டதால் வந்தது போலத்தான் தெரிகிறது. வெல்டை விட்டுவிட்டு அதன் ஓரத்தில் தகடு பிளந்திருந்தால் அது ஹைட்ரஜன் கிராக்கின் அடையாளம்.

விஜயந்தா 1965 முதல் ஆவடியில் செய்யப்பட்டது. 39 டன் எடை, 105 மி.மீ. பீரங்கி. முகப்பில் கவசம் 80 மி.மீ. வரை போகும். உருட்டிய கவசத் தகடுகளை வெல்டு செய்து கட்டிய உடம்பு அது. கவச எஃகு, கேட் செய்கிற எம்.எஸ். (சாதா இரும்பு) மாதிரி கிடையாது. கார்பன் கூடுதல், நிக்கல், குரோமியம், மாலிப்டினம் உண்டு, குளிரவைத்துப் பதமேற்றியது.

உதாரணத்துக்கு ஒரு கவசத் தகட்டில் கார்பன் 0.28, மேங்கனீஸ் 0.6, குரோமியம் 1.0, மாலிப்டினம் 0.3, நிக்கல் 1.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் ஈக்விவலென்ட் (வெல்டு அடித்தால் தகடு எவ்வளவு கடினமாகும் என்று காட்டும் எண்) கணக்கு: 0.28 + 0.6/6 + 1.3/5 + 1.5/15 = 0.74. நம் பட்டறைகளில் புழங்கும் எம்.எஸ். தகட்டுக்கு இது 0.4-ஐ ஒட்டி நிற்கும். 0.45 தாண்டினாலே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 0.74 என்றால், ப்ரீஹீட் இல்லாமல் அடித்த வெல்டின் பக்கத்தில் தகடு கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும். 6013-இன் பூச்சிலிருந்து வரும் ஹைட்ரஜன் அந்தக் கடினமான பட்டைக்குள் புகுந்துகொள்ளும். வெல்டு ஆறிய பிறகு, 24 மணி நேரமோ 72 மணி நேரமோ கழித்துத்தான் பிளக்கும். அடித்தவர் பார்க்கும்போது வேலை நன்றாகத்தான் இருந்திருக்கும்.

டாங்க் ஓடுகிறதா நிற்கிறதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கிராக்கை உண்டாக்கும் இழுவிசை, வெல்டு ஆறிச் சுருங்கும்போது தானாகவே வருகிறது.

துவாக்குடி_ஹெச்பி

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஒன்று சேர்க்கிறேன்: வெல்டு அடிக்க வேண்டுமா என்பதையே அரைத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். இந்த மாதிரி ஓரக் கிராக் பெரும்பாலும் மேலோடு நிற்கும்.

ஆங்கிளைச் சுத்தியலால் அடித்துப் பெயர்க்காதீர்கள், கிராக் நீளும். 3 மி.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தை கிரைண்டரில் எடுங்கள். பிறகு டை பெனட்ரன்ட் (கிராக்கைச் சாயத்தால் காட்டும் சோதனை): இடத்தைத் துடைத்து, சிவப்புச் சாயம் அடித்து 15 நிமிடம், துடைத்தெடுத்து வெள்ளை டெவலப்பர், 10 நிமிடம். கிராக்கின் இரண்டு நுனியும் தெரியும். ஒவ்வொரு அரை மி.மீ. அரைத்ததும் மறுபடி பார்க்கவும். 4 மி.மீ. ஆழத்துக்குள் கிராக் மறைந்துவிட்டால் வெல்டே வேண்டாம். பள்ளத்தின் ஓரங்களை ஒரு பங்கு ஆழத்துக்கு நாலு பங்கு நீளம் என்று சரிவாக இழைத்துவிட்டு, பெயின்ட் கட்டத்தில் எப்பாக்சி புட்டியால் நிரப்பிவிடலாம். சுட வரப்போகிறவர் யாரும் இல்லை. 4 மி.மீ. குறைவதால் அந்தத் தகட்டுக்கு ஒன்றும் ஆகாது. சரியில்லாத ஒரு வெல்டை விட இது ஆயிரம் மடங்கு மேல்.

அதற்கும் கீழே போனால் மட்டும் வெல்டு. முறை:

நுனிக்கு 10 மி.மீ. தள்ளி இரண்டு பக்கமும் 6 மி.மீ. துளை போட்டு நிறுத்துங்கள். சாதா டிரில் பிட் மழுங்கும்; கோபால்ட் பிட், குறைந்த வேகம். பள்ளம் யு வடிவில், அடி வளைவு 5 மி.மீ.க்குக் குறையாமல். கார்பன் கவுஜிங் (கார்பன் குச்சி ஆர்க்கால் பள்ளம் தோண்டுவது) செய்தால் அதற்கும் முன்னால் தகட்டைச் சூடாக்க வேண்டும். முடிந்ததும் 1.5 மி.மீ. அரைத்து, கார்பன் ஏறிய தோலை எடுக்க வேண்டும். 140 மி.மீ.க்கு கவுஜிங் தேவையில்லை, கிரைண்டரே போதும்.

ராடு 309எல், 3.15 மி.மீ. கடையில் வெறுமனே 'எஸ்.எஸ். ராடு' என்று கேட்டால் 308எல் கொடுப்பார்கள். கைப்பிடிக் கம்பிக்கும் கேட்டுக்கும் போவது அதுதான். அது இங்கே ஆகாது. கவசத் தகட்டோடு கலக்கும்போது குரோமியமும் நிக்கலும் நீர்த்துப்போய், வெல்டே கடினமாகிப் பிளக்கும். பாக்கெட்டில் 309எல் என்று படித்து வாங்குங்கள். 307 கிடைத்தால் இன்னும் நல்லது, கவசத்துக்கென்றே பழகிய ராடு அது.

ப்ரீஹீட் 120 முதல் 150 டிகிரி. பாஸ்களுக்கு (வெல்டு அடுக்குகளுக்கு) இடையே 175 தாண்டக்கூடாது. கரண்ட் 90–105 ஆம்பியர், டி.சி., ராடு பாசிட்டிவ். முதலில் பள்ளத்தின் இரண்டு சுவரிலும் ஒரு அடுக்கு பூசி, பிறகு நடுவை நிரப்புங்கள். நேர்கோட்டில் இழுங்கள், அகலமாக ஆட்டாதீர்கள். 50 மி.மீ. துண்டுகளாகப் பின்னோக்கி அடித்து வாருங்கள். முடிவில் குழியை நிரப்பிவிட்டு ராடை எடுங்கள்.

கும்பகோணம்_ஃபேப்

> ராடு 309எல்

அண்ணா, 7018 ஏன் கூடாது? அதுவும் லோ ஹைட்ரஜன் (ஹைட்ரஜனைக் குறைவாக விடும்) ராடுதானே? விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

துவாக்குடி_ஹெச்பி

கூடாது என்று இல்லை தம்பி. 7018-க்கு நிபந்தனை அதிகம். 350 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அடுப்பில் காயவைத்து, 100 டிகிரிக்குக் குறையாத குவிவரில் (ராடைச் சூடாக வைக்கும் பெட்டி) வைத்து, ஒவ்வொரு ராடாக எடுத்து அடிக்க வேண்டும். கடலோரக் காற்றில் வெளியே கிடந்த 7018 சில மணி நேரத்தில் ஈரம் குடித்துவிடும். அப்புறம் அது லோ ஹைட்ரஜன் இல்லை. ப்ரீஹீட்டும் 200 டிகிரி வரை ஏற்ற வேண்டியிருக்கும். அவ்வளவு கனமான தகட்டில், திறந்தவெளியில், அதைப் பிடித்து வைப்பது லேசில்லை.

309எல் வெல்டு ஆஸ்டெனைட் (எஃகின் ஒரு வகை உள்கட்டமைப்பு). ஹைட்ரஜனைத் தனக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்; பக்கத்துத் தகட்டுக்குப் போகவிடாது. மென்மையும் உண்டு, சுருங்கும்போது தகட்டை இழுக்காமல் தான் நெகிழ்ந்து கொடுக்கும். தவறுக்கு இடம் கொடுக்கிற ராடு. 140 மி.மீ. வெல்டுக்கு ஒரு கிலோ கூட ஆகாது, இதில் விலை பார்க்க வேண்டாம்.

309எல் அடித்த இடத்தை மேக்னடிக் பார்ட்டிக்கிளில் (காந்தத் தூளில்) சோதிக்காதீர்கள். வெல்டும் தகடும் சேரும் கோட்டில் காந்தத்தன்மை மாறுவதால் கிராக் இல்லாத இடத்திலும் கோடு காட்டும். பெனட்ரன்ட் மட்டும்தான். ஆறியதும் ஒரு தடவை, 72 மணி நேரம் கழித்து ஒரு தடவை.

மன்னை_மெக்கானிக்

சித்திரை வெயிலில் தகடு தொட முடியாத அளவு கொதிக்கிறதே, அதுவே ப்ரீஹீட் ஆகாதா?

ஆவடி_தகடு

ஆகாது. உச்சி வெயிலில் இரும்பு 55–60 டிகிரி வரும், நமக்கு வேண்டியது 120. அதுவும் மேல்தோலில் மட்டும் இருந்தால் பயனில்லை. தகடு கனமாக இருப்பதால் சூட்டை உள்ளே உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

கேஸ் பர்னரால் பள்ளத்தின் இரண்டு பக்கமும் 100 மி.மீ. அகலத்துக்குப் பரவலாகச் சூடேற்றுங்கள். கட்டிங் டார்ச்சின் கூர் ஜ்வாலை ஒரே புள்ளியில் படக்கூடாது. ஜ்வாலையை எடுத்து இரண்டு நிமிடம் கழித்து டெம்பரேச்சர் சாக் (குறித்த சூட்டில் உருகும் குச்சி) தேய்த்துப் பாருங்கள், முடிந்தால் தகட்டின் பின்பக்கத்திலிருந்து. 120 டிகிரிச் சாக் உருக வேண்டும், 175 டிகிரிச் சாக் உருகக்கூடாது. இந்த இரண்டு சாக் கையில் இருந்தால் மீட்டர் கூட வேண்டாம். முடிந்ததும் செராமிக் ஃபைபர் போர்வையால் மூடி ஆறவிடுங்கள். ஈரச் சாக்கு போடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சூட்டுக் கணக்கு: 100 ஆம்பியர், 24 வோல்ட், நிமிடத்துக்கு 150 மி.மீ. வேகம் என்றால் 100 × 24 × 60 ÷ 150 = 960 ஜூல், அதாவது மி.மீ.க்கு ஏறக்குறைய 1 கிலோஜூல். இந்த அளவிலேயே நில்லுங்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று 4 மி.மீ. ராடில் 160 ஆம்பியர் ஏற்றினால், பதமேற்றிய தகடு பதம் இழந்துவிடும்.

இன்னொன்று: எது கவசம், எது சாதா இரும்பு என்று தெரியாமல் எங்கும் ஆர்க் அடிக்காதீர்கள். உலோகக் கலவை பார்க்கும் கையடக்க எக்ஸ்ரே (பிஎம்ஐ) கருவி குரோமியம், நிக்கல் காட்டும், கார்பனைக் காட்டாது. கார்பன் தெரிய ஸ்பார்க் வகை ஸ்பெக்ட்ரோ வேண்டும். அது கிடைக்காவிட்டால் போர்ட்டபிள் கடினமானியில் பாருங்கள்: எம்.எஸ். 120–160 பிரினெல் காட்டும், கவசம் 250-க்கு மேல்.

கடைமடை_இன்ஜினியர்

மிக்க நன்றி. கிராக் விஷயம் தெளிவாகிவிட்டது. தரைத்தகட்டுக்கு உள்ளேயிருந்து 6 மி.மீ. ஒட்டுத்தகடு போடலாம் என்று நினைத்தோம்.

திருவாரூர்_சேஃப்டி

தயவுசெய்து வேண்டாம். காரணம் மூன்று.

ஒன்று, 17-இல் 11 மிச்சம் இருக்கிறது. நிற்கும் டாங்குக்கு அது தாராளம். ஒட்டுத்தகடு போட்டால் இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் புகுந்து, கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். துருவைக் கிளப்பி எடுத்து, பிளாஸ்ட் செய்து, குழிகளை எப்பாக்சி ஃபில்லரால் நிரப்பி பெயின்ட் அடித்தால் போதும்.

இரண்டு, தரையை ஒட்டிக் குறுக்காக ஓடுவது டார்ஷன் பார்கள். சக்கரத்தின் பாரத்தைத் தாங்கி முறுக்கேறி நிற்பவை. ஒரு ஆர்க் தவறிப் பட்டால் அந்தப் புள்ளியில் கிராக் தொடங்கும். எர்த் கிளாம்பையும் வெல்டு செய்யும் இடத்துக்கு ஓர் அடிக்குள் மாட்டுங்கள். செயினில் மாட்டிவிட்டுத் தகட்டில் வெல்டு அடித்தால் கரண்ட் பேரிங் வழியாகவும் பார் வழியாகவும் போகும்.

மூன்று, உயிர். டாங்கின் உள்பக்கம் ஒரு கிணறு மாதிரி. கார்பன் டை ஆக்சைடு, ஆர்கான் இரண்டும் காற்றை விடக் கனம். தரையில் போய்ப் படுக்கும். பாழுங்கிணற்றில் இறங்கியவரைக் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து விழுவது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த துயரம். இதுவும் அதேதான். உள்ளே எந்த வேலைக்கும் எல்லா மூடியும் திறந்திருக்க வேண்டும், தரைமட்டத்திலிருந்து உறிஞ்சும் ஃபேன் ஓட வேண்டும், ஆக்சிஜன் மீட்டர் 19.5 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. வெளியே ஒருவர் கயிற்றோடு காவல், அவர் எந்தக் காரணத்துக்கும் தனியாக உள்ளே இறங்கக்கூடாது. எஸ்.எஸ். ராடு புகையில் ஹெக்சாவேலன்ட் குரோமியம் என்ற நச்சு உண்டு, துணி மாஸ்க் அதைத் தடுக்காது. குளோரின் சேர்ந்த டிகிரீசர் அடித்த இடத்தில் ஆர்க் போட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும்; உள்ளே அந்த வகை ஸ்ப்ரேயே எடுத்துப் போகாதீர்கள்.

வெல்டிங் செட்டை எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை: பீரங்கி செயலிழக்கச் செய்யப்பட்டதற்கும் உள்ளே வெடிபொருள் இல்லை என்பதற்கும் எழுத்துச் சான்று. பழைய தீயணைப்பு சிலிண்டர் உள்ளேயே இருக்கிறதா என்பது. பீரங்கியின் ரீகாயில் அமைப்பில் அழுத்தம் இருக்கும், அதைத் திறக்கவோ சூடாக்கவோ கூடாது. டீசல் டேங்க் காலியாகத் தெரிந்தாலும் ஆவி இருக்கும். இன்ஜின் அறைப் பக்கம் சூடு வேலை இருந்தால் டேங்கைக் கழுவி, தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இருட்டில் ஒளிரும் பழைய டயல்களில் ரேடியம் இருக்கலாம், கண்ணாடியைக் கழற்றாதீர்கள். எக்ஸாஸ்ட்டில் சுற்றிய வெள்ளைத் துணியை ஆஸ்பெஸ்டாஸ் என்றே கருதி, நனைக்காமல் தொடாதீர்கள்.

நாகை_படகுப்பட்டறை

தரை அரித்தது ஏன் என்று இன்னும் யாரும் கேட்கவில்லையே. மூடிகளின் ரப்பர் மக்கி, இன்ஜின் மேல் ஜாலி வழியாகவும் மழை உள்ளே இறங்கியிருக்கும். அடியில் வடிகால் பிளக்குகள் இருக்கும், அவை இறுகி மூடியே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை உள்ளே இறங்கினால் தை வரைக்கும் நின்றிருக்கும். முதல் வேலையாக அந்தப் பிளக்குகளைக் கழற்றி, நிரந்தரமாகத் திறந்தே விடுங்கள், எலி புகாமல் எஸ்.எஸ். வலை மாட்டுங்கள். ஜாலிக்கு மேல் காற்று போகிற மாதிரி ஒரு மறைப்பு. இதைச் செய்யாமல் என்ன வெல்டு, என்ன பெயின்ட் போட்டாலும் வீண்.

பிளாஸ்டிங்குக்கு ஆற்று மணல் வேண்டவே வேண்டாம். சிலிக்கா தூசு நுரையீரலைத் தின்னும். காவிரியில் மணலும் மிச்சமில்லை. கார்னெட் 30/60 வாங்குங்கள். கவசத்துக்கு 7 பார், மட்கார்டு தகட்டுக்கு 3 பார், இல்லாவிட்டால் தகடு வளையும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், விழுவதைத் தார்ப்பாயில் சேர்த்து எடுங்கள், வாய்க்காலுக்குப் போகக்கூடாது. தகட்டில் பொறித்த எண்களை மறைத்துவிட்டு பிளாஸ்ட் செய்யுங்கள்.

இங்கே எல்லோரும் தவறும் இடம் உப்பு. பிளாஸ்ட் செய்த இரும்பு வெள்ளி மாதிரி பளபளக்கும். குழிக்குள் உப்பு அப்படியே இருக்கும். ஆறு மாதத்தில் பெயின்ட் கொப்பளிக்கும். நல்ல தண்ணீரில் பிரஷர் வாஷ் செய்து மறுபடி லேசாக பிளாஸ்ட் செய்ய வேண்டும். நம் கடலோர போர் தண்ணீரே உப்பு, அதில் கழுவினால் உப்பை ஏற்றுகிறோம். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்: ஒரு டம்ளரில் எடுத்து இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால், உப்பு இருந்தால் பால் மாதிரி கலங்கும். தகட்டைக் கழுவி வடிந்த தண்ணீரிலும் இதே சோதனை. கலங்கல் நிற்கும்வரை கழுவுங்கள்.

பெயின்ட்: எப்பாக்சி ஜிங்க் பிரைமர் 60–75 மைக்ரான், எம்ஐஓ (அபிரகம் போன்ற இரும்பு ஆக்சைடு) எப்பாக்சி 120–150, மேலே பாலியூரித்தேன் 50–60. வெல்டு ஓரம், போல்ட் தலை, தகட்டு முனைகளுக்கு ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் பிரஷ்ஷால் ஒரு கை. முனையில் ஸ்ப்ரே எப்போதும் மெலிந்துதான் விழும். 309எல் வெல்டின் மேல் பெயின்ட் உரிந்தால் பக்கத்து இரும்புதான் அரிக்கும், அதனால் அங்கே கூடுதல் கோட்.

இரும்பின் சூடு பனிநிலையை (காற்றின் ஈரம் நீராகப் படியும் சூடு) விட 3 டிகிரி கூட இருக்க வேண்டும். காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை 24-ஐ ஒட்டி இருக்கும். அப்போது இரும்பு 27-க்கு மேல். ஈரப்பதம் 85 தாண்டினால் ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்துவிடுங்கள். பிளாஸ்ட் செய்த அன்று சாயங்காலத்துக்குள் பிரைமர் விழ வேண்டும். ஒரு ராத்திரி விட்டால் மஞ்சள் பூத்துவிடும். காலை 9 முதல் 11, மாலை 4-க்கு மேல். நடுவெயிலில் எப்பாக்சி வாளியிலேயே இறுகும்.

கும்பகோணம்_ஃபேப்

மட்கார்டுக்கு நான் சொல்கிறேன். 2 மி.மீ. தகடு, மிக் (கேஸ் பாதுகாப்பில் ஒயர் வெல்டு) 0.8 மி.மீ. ஒயர், 90 ஆம்பியர். 25 மி.மீ. அடித்து 75 விட்டு, எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி வாருங்கள், தகடு நெளியாது. விட்ட இடைவெளியில் உப்புத் தண்ணீர் புகும் என்பதால் பிரைமருக்குப் பிறகு பாலியூரித்தேன் சீலன்ட். கவசத்தோடு சேரும் இடத்தில் பழைய போல்ட் துளைகளையே பயன்படுத்துங்கள், புதிதாக எதையும் வெல்டு செய்து ஒட்டாதீர்கள். ஆடிக் காற்றில் மிக் கேஸ் நிற்காது; வேலையை மாசி முதல் வைகாசிக்குள் முடித்துவிடுங்கள்.

கடைமடை_இன்ஜினியர்

செயின் கண்ணி ஒன்றுதான் மிச்சம். அதற்கும் 309எல், 120 டிகிரிதானே?

துவாக்குடி_ஹெச்பி

நல்லவேளை கேட்டீர்கள். அதற்குச் சட்டமே தலைகீழ். முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது மேங்கனீஸ் எஃகு வார்ப்பு. அதற்கு ப்ரீஹீட் செய்யவே கூடாது. 260 டிகிரிக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றாலே உள்ளே கார்பைடு கட்டி, கண்ணாடி மாதிரி உடையும். 307 அல்லது 309எல், 50 மி.மீ. மட்டும் அடித்து நிறுத்துங்கள். வெல்டுக்கு ஒரு விரல் தள்ளிக் கை வைக்கிற சூட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த துண்டு. கண்ணியைக் கழற்ற முடிந்தால் காது மட்டும் மேலே தெரியும்படி தண்ணீர்த் தொட்டியில் வைத்து அடிக்கலாம், இந்த எஃகுக்கு அது நல்லது. காந்தம் ஒட்டினால் பழைய முறையே.

கழற்றுவதானால் முன்பக்க ஐட்லரின் (செயினை இறுக்கும் சக்கரம்) டென்ஷனைத் தளர்த்திவிட்டுத்தான். அது இறுகியிருந்தால் ஐட்லரைச் சூடாக்காதீர்கள், ஒரு பின்னை வெட்டி எடுங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, மேல் செயினுக்குச் சங்கிலிப் பிடிப்பு. விட்டால் முழுச் செயினும் சரிந்து இறங்கும்.

ஆவடி_தகடு

கிரேன் வந்தால் அவுட்ரிக்கருக்கு (பக்கவாட்டுத் தாங்கு கால்) அடியில் இரண்டு அடுக்கு ஸ்லீப்பர் கட்டை, அதற்கு மேல் 20 மி.மீ. தகடு. உங்கள் பக்கத்துக் களிமண் கோடையில் பாறை மாதிரி தெரியும்; மேல் வெடிப்புக்குக் கீழே ஒரு அடியில் ஈரம் இருக்கும். மேடையில் செயினுக்கு அடியில் தண்ணீர் தேங்காமல் நூற்றுக்கு ஒன்று சாய்வு விடுங்கள். முன் தகட்டை அரைத்து பெனட்ரன்ட் போட்டதும், கிராக் எத்தனை மி.மீ. ஆழத்தில் நின்றது என்று படத்தோடு இங்கே போடுங்கள். வெல்டு வேண்டுமா என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்.